கடைசிப் பத்து கிலோமீட்டர்: கிராமத்துக்கு ஸ்பீடு போஸ்ட் பார்சல், வடசென்னையிலிருந்து ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டில் எந்தக் குக்கிராமமானாலும் வீட்டு வாசல்வரை பார்சலைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் இன்றைக்கும் நம்பத்தக்கது அஞ்சல் துறைதான். ஊருக்கு ஊர் அனுப்பத் தனியார் கூரியர் போதும், பல நேரம் வேகமும் அதிகம். தாலுகா ஊரைத் தாண்டி எட்டு, பத்து கிலோமீட்டர் உள்ளே போக வேண்டிய பார்சலாக இருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. இந்த மதிப்பீடு அந்தக் கடைசிப் பத்து கிலோமீட்டரைப் பற்றியது.

எம்.சி. ரோட்டில் நைட்டியும் சுடிதாரும் எடுத்து வாட்ஸ்அப்பில் விற்பவர்கள், காசிமேட்டுக் கருவாட்டை பாக்கெட் போட்டு அனுப்புபவர்கள், சவுகார்பேட்டையில் ஃபேன்சி நகை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக அனுப்புபவர்கள், மூர் மார்க்கெட்டில் பழைய பாடப்புத்தகம் தேடி ஊருக்கு அனுப்புபவர்கள் என்று வடசென்னையில் இந்தச் சேவையை நம்பியிருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதால் நட்சத்திரம் கொடுப்பதோடு நிறுத்தாமல் விவரமாகவே எழுதுகிறோம்.

கவுன்டருக்குப் பிறகு

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ புக் செய்த பார்சல், அன்றைக்குப் பை கட்டும் நேரத்துக்குள் கொடுத்திருந்தால் மெயில் வேனில் ஏறி நகரத்தின் பிரிப்பு மையத்துக்குப் போகும். அங்கே பின்கோடைப் பார்த்து மாவட்டவாரியாகப் பிரித்து, ரயிலிலோ சாலை வழியாகவோ அனுப்புகிறார்கள். அடுத்தது மாவட்ட மையம், அதற்கடுத்தது துணை அஞ்சலகம். இதுவரை எல்லாம் பெரிய ஏற்பாடு. பைகளின் எண்ணிக்கை அதிகம், வண்டிகளும் அதிகம். ஒன்று தவறினாலும் அடுத்தது கிடைக்கும்.

துணை அஞ்சலகத்துக்குப் பிறகுதான் வழி குறுகிவிடுகிறது. அங்கிருந்து கிராமத்தின் கிளை அஞ்சலகத்துக்குப் பொதுவாக நாளைக்கு ஒரே ஒரு பைதான், அதுவும் காலையில். துணிப்பையைக் கட்டி, பஸ்ஸிலோ பைக்கிலோ கொடுத்து அனுப்புவார்கள். காலை பதினொரு மணிக்கு வந்து சேர்ந்த பார்சல் மறுநாள் காலைவரை அங்கேயே கிடக்கும். சனிக்கிழமைப் பையைத் தவறவிட்டால் திங்கள்கிழமைதான். நடுவில் அரசு விடுமுறை வந்தால் செவ்வாய்.

ஆகவே, எந்தக் கிழமை புக் செய்கிறோம் என்பது தூரத்தைவிட முக்கியம். தென் மாவட்டக் கிராமத்துக்குத் திங்கள், செவ்வாயில் போட்டால் பெரும்பாலும் அந்த வாரத்துக்குள் கையில் கிடைக்கும். வியாழன் மாலை போட்டது சனிக்கிழமை பை கட்டிய பிறகு துணை அஞ்சலகத்துக்கு வந்து சேர்ந்து, ஞாயிறும் அங்கேயே இருந்துவிடும். பழவேற்காட்டுப் பக்கக் கிராமங்களுக்கும் இதே வரிசைதான். இங்கிருந்து பைக்கில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், ஆனாலும் பார்சல் காலைப் பைக்காகக் காத்திருந்தே ஆக வேண்டும். உங்கள் தபால் ஆபீஸில் பை கட்டும் நேரம் என்ன என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டர் மூடும் நேரமும் அதுவும் வேறு வேறு. பை போன பிறகு வரிசையில் நின்று வாங்கிய ரசீதுக்கு அன்றைய தேதி இருக்கும், பார்சலோ மறுநாள்தான் கிளம்பும்.

கிளை அஞ்சலகத்தில் இருப்பவர்கள் ஒருவரோ இருவரோதான். கிளை அஞ்சல் அதிகாரி ஒருவர், தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் உதவி அதிகாரி ஒருவர். இருவரும் கிராமின் டாக் சேவக் என்ற பிரிவில் வருபவர்கள், துறையின் வழக்கமான ஊழியர் கணக்கில் சேராதவர்கள். வேலை நேரம் நாளைக்கு நான்கு அல்லது ஐந்து மணி. 2018இல் நிர்ணயித்த தொடக்க ஊதியம், உதவி அதிகாரிக்கு நான்கு மணி நேரத்துக்கு மாதம் ₹10,000, ஐந்து மணி நேரத்துக்கு ₹12,000. அகவிலைப்படி தனி. அந்த நேரத்துக்குள் பை பிரித்து, சேமிப்புக் கணக்கு, ஆதார் மூலம் பணம் எடுப்பது எல்லாம் பார்த்து, தபாலும் கொடுத்து முடிக்க வேண்டும். நீங்கள் அனுப்பும் பார்சல் அவருடைய சைக்கிள் கேரியரிலோ சொந்த பைக்கிலோதான் போகிறது. பேக்கிங், முகவரி, பெட்டி அளவு எல்லாவற்றையும் அவரை மனதில் வைத்தே தீர்மானியுங்கள்.

முகவரி: பாதிப் பிரச்சினை இங்கேதான்

பின்கோடு சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். நகரத்தில் அது ஓரளவு சரி. 1972 ஆகஸ்ட் 15இல் வந்த இந்த ஆறு இலக்க எண் பார்சலைத் துணை அஞ்சலகம்வரைதான் கொண்டு சேர்க்கும். ஒரே பின்கோடின் கீழ் பத்து, பதினைந்து கிளை அஞ்சலகங்கள் இருக்கலாம். அதற்கப்புறம் வழி காட்டுவது கிளை அஞ்சலகத்தின் பெயர்.

தென்காசியின் 627811ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 6 தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட தென்மண்டலம். 627 திருநெல்வேலிப் பிரிப்பு வட்டாரம். கடைசி 811 விநியோக அஞ்சலகம். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது, பின்கோடோ இன்னும் 627லேயே இருக்கிறது. கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை போன்ற புதிய மாவட்டங்களிலும் இதைக் கவனிக்க வேண்டும். மாவட்டத்தின் பெயரை வைத்துப் பின்கோடை ஊகித்தால் தப்பு வரும்.

கிராம முகவரிக்கு நம் ஊரில் ஏற்கெனவே நல்ல முறை ஒன்று உண்டு: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், தெரு, ஊர், பிறகு 'அஞ்சல்' என்று கிளை அஞ்சலகம், 'வழி' என்று துணை அஞ்சலகம், வட்டம், மாவட்டம், பின்கோடு. இணையவழிக் கடைகளின் முகவரிப் படிவத்தில் 'அஞ்சல்', 'வழி' இரண்டுக்கும் இடமில்லாததால் இளையவர்கள் அதை எழுதுவதையே விட்டுவிட்டார்கள். இது பெரிய இழப்பு. ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: "அக்கா, உங்க ஊருக்குத் தபால் குடுக்குறவரு எந்த போஸ்ட் ஆபீஸ்லேர்ந்து வர்றாரு?" இதற்குக் கிராமத்தில் யாரும் சட்டென்று பதில் சொல்வார்கள். அந்தப் பெயரை அஞ்சல் துறையின் தளத்தில் தேடினால் சரியான பின்கோடு வந்துவிடும். இணையத்தில் பொதுவாகத் தேடினால் வருவது பெரும்பாலும் பக்கத்து டவுனின் பின்கோடு. ஆதார் அட்டையிலும் பழைய முகவரி இருக்க வாய்ப்புண்டு.

ஒரே ஊரில் மூன்று செல்வி, நான்கு முருகன் இருப்பார்கள். தந்தை, கணவர் பெயரையோ வீட்டுப் பெயரையோ விடாதீர்கள். கீழத்தெருவா மேலத்தெருவா என்பதும் வேண்டும். செல்போன் எண் இரண்டு எழுதுங்கள், அதில் ஒன்று ஊரில் இருப்பவருடையதாக இருக்கட்டும். சென்னையில் இருக்கும் மகள் ஊரிலுள்ள அம்மாவுக்கு ஆர்டர் போட்டுத் தன் நம்பரை மட்டும் கொடுத்தால், போஸ்ட்மேன் போன் செய்யும்போது அவர் ஆபீஸில் மீட்டிங்கில் இருப்பார். ஓடிபி டெலிவரி கேட்டிருந்தால் இன்னும் சிக்கல், ஓடிபி இங்கே வரும், பார்சல் அங்கே நிற்கும்.

பேக்கிங்

துணிமணிக்குப் பெட்டி வேண்டாம். முதலில் பாலித்தீன் கவர், காற்றை அழுத்தி எடுத்துவிட்டு ஒட்டுங்கள். அதற்கு மேல் 60 மைக்ரான் கூரியர் கவர். கவரின் பசைப்பட்டை வெயிலில் இளகும், அதனால் குறுக்கே ஒரு சுற்று இரண்டங்குல டேப். உள் கவரை யாரும் விட்டுவிடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழையில் பைக் கேரியரில் போகும் துணிப்பை நனையாமல் இருக்காது.

உடையும் பொருளுக்கு ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி. மளிகைக் கடையில் வாங்கிய பழைய மூன்றடுக்குப் பெட்டி பைக்கு அடியில் கிடந்தால் நசுங்கிவிடும். மேலும் கீழும் நடு இணைப்பிலும் இரு ஓரங்களிலும் டேப் ஒட்ட வேண்டும். பெட்டியைக் காதருகில் வைத்து ஆட்டிப் பாருங்கள், சத்தம் வந்தால் இன்னும் காகிதம் திணிக்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை கீழே போட்டும் பார்க்கலாம்.

பெட்டி சிறியதாக இருப்பது இரண்டு வகையில் லாபம். கிளை அஞ்சலகப் பைக்குள் அடங்காத பெட்டி தனியாகத் தொங்கிக்கொண்டு போகும், நசுங்குவதும் நனைவதும் அதுதான். இன்னொன்று கன அளவு எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுங்கள். 40, 30, 30 பெட்டிக்கு 7.2 கிலோ வரும். உள்ளே இரண்டு கிலோ பிளாஸ்டிக் பொம்மை இருந்தாலும் கணக்கு 7.2தான்.

கருவாடு அனுப்புபவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். மற்றவர் தபாலைக் கறைப்படுத்தும், நாறடிக்கும் பொருளை ஏற்க மறுக்கக் கவுன்டருக்கு உரிமை உண்டு, அது நியாயமும்கூட. வாக்யூம் பேக் செய்தாலும் பல பாக்கெட் ஊருக்குப் போவதற்குள் காற்று பிடித்துவிடுகிறது. காரணம் முள். வாளைக் கருவாட்டின் வெட்டிய முனையும் நெத்திலியின் காய்ந்த தலையும் பிளாஸ்டிக்கில் ஊசித்துளை போட்டுவிடும். முதலில் தடித்த பட்டர் பேப்பரில் சுற்றி, வாக்யூம் கவரில் ஒட்டி, ஒரு நாள் வெளியே வைத்துப் பாருங்கள். தளர்ந்த பாக்கெட்டைத் திரும்பப் போட்டு ஒட்டுங்கள். சரியாகக் காயாத கருவாடு, எத்தனை கவர் போட்டாலும் மூன்றாம் நாள் நீர் விடும்.

முகவரியை ஜெல் பேனாவில் எழுதாதீர்கள். மார்க்கரிலோ அச்சடித்தோ ஒட்டி, மேலே டேப் போடுங்கள். கவுன்டரில் ஒட்டும் பார்கோடு மேல் மட்டும் டேப் போடக் கூடாது, பளபளப்பில் ஸ்கேனர் படிக்காது. மடிப்பில்லாத இடம் ஒன்றை அதற்கென்று விட்டு வையுங்கள். உள்ளே ஒரு துண்டுச்சீட்டில் இரு முகவரியும் இருக்கட்டும்.

கட்டணம்

2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அக்டோபர் 1 முதல் புதிய கட்டணம். ஆவணங்களுக்கு 50 கிராம்வரை உள்ளூரில் ₹19, வெளியூருக்கு எவ்வளவு தூரமானாலும் ₹47. 51 முதல் 250 கிராம்வரை 200 கி.மீ.க்குள் ₹59, 500 கி.மீ.வரை ₹63, 1000 கி.மீ.வரை ₹68. 251 முதல் 500 கிராமுக்கு அதே வரிசையில் ₹70, ₹75, ₹82. இதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பெறுபவர் கையில் மட்டுமே தர வேண்டுமென்றால் பதிவுக்கு ₹5, ஓடிபி டெலிவரிக்கு ₹5, இரண்டுக்கும் வரி தனி.

ஊருக்கு ஒரு நோட்டீஸ் பதிவுத் தபாலில் அனுப்ப முன்பு ஏறத்தாழ ₹26 ஆனது. இப்போது பதிவும் வரியும் சேர்த்து ₹61.36. கிராமத்துக்காரர்களுக்கும் சிறு கடிதங்களுக்கும் இது பெரிய ஏற்றம், குறையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. துணி, பொருள் எல்லாம் பார்சல் கணக்கு, எடையும் தூரமும் சேர்ந்து நிர்ணயிக்கும். எடை அடுத்த படிக்குச் சில கிராம் தாண்டினாலும் முழுக் கட்டணம் ஏறும் என்பதால் வீட்டில் ஒரு சமையலறைத் தராசு வைத்துக்கொள்வது நல்லது.

புத்தகம் மட்டும் அனுப்புபவர்கள் 2025 மே 1இல் வந்த ஞான் போஸ்ட்டைப் பயன்படுத்துங்கள். 300 கிராமுக்கு ₹20 தொடங்கி 5 கிலோவுக்கு ₹100, வரி தனி. தரைவழி என்பதால் மெதுவாகப் போகும், டிராக்கிங் உண்டு. புத்தகத்தில் பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும். பள்ளிப் பாடநூலுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

டிராக்கிங்கும் புகாரும்

எண் பதின்மூன்று இலக்கம்: இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் ஐ.என். ஒன்பதாவது எண் சரிபார்ப்பு எண். வாடிக்கையாளர் கைப்பட எழுதிக்கொண்ட எண் டிராக்கிங்கில் வரவில்லை என்று சொன்னால் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள். முதல் எட்டு எண்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து மீதியை 11இலிருந்து கழியுங்கள். 12345678க்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, கழித்தால் 5. ஆகவே எண் 123456785 என்று முடிய வேண்டும். விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று கொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால் எழுதியதில் பிழை, பார்சலில் இல்லை.

துணை அஞ்சலகத்திலிருந்து கிளை அஞ்சலகத்துக்கு அனுப்பியாயிற்று என்று வந்தவுடன் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கோ மறுநாளோ வீட்டில் யாராவது இருக்க வேண்டும். நடவு, அறுவடை, நூறு நாள் வேலை நேரத்தில் தெருவே காலியாக இருக்கும். கதவு பூட்டியிருந்தால் பார்சல் கிளை அஞ்சலகத்தில் காத்திருக்கும், ஒரு வாரம் கேட்பாரற்றுக் கிடந்தால் திரும்பிவிடும். 'டெலிவர்டு' என்று காட்டியும் கிடைக்கவில்லை என்றால் முதலில் பக்கத்து வீட்டிலும் தெருமுனைக் கடையிலும் விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கும் இல்லையென்றால் 1800 266 6868இல் புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

இழப்பீடு இந்தச் சேவையின் பலவீனமான இடம். நெடுநாளாக உள்ள விதிப்படி, தொலைந்தாலோ சேதமானாலோ கட்டணத்தின் இரு மடங்கு அல்லது ₹1000, இதில் எது குறைவோ அதுதான். ₹4000 பட்டுப்புடவைக்கு இது ஒன்றுமே இல்லை. விலை உயர்ந்த பொருளைக் காப்பீடு செய்யாமல் அனுப்பாதீர்கள்.

மற்ற வழிகள்

தனியார் கூரியர்கள் பல, கிராமப் பின்கோடுகளை டெலிவரி எல்லைக்கு வெளியே என்று வைத்து, கூடுதல் கட்டணம் கேட்பார்கள் அல்லது டவுன் ஆபீஸுக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆம்னி பஸ் பார்சல் மறுநாள் காலையே போய்விடும், பஸ் நிற்கும் இடத்தில் ஆள் நின்று வாங்க வேண்டும். இருபது கிலோவுக்கு மேல் என்றால் பாரிமுனைப் பக்கத்து லாரி பார்சல் சர்வீஸ்தான் கட்டுப்படியாகும், அதுவும் குடோன்வரைதான். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இவை எதுவும் உதவாது.

இனி எப்படி

2025 ஆகஸ்டில் அஞ்சல் துறை ஏ.பி.டி. என்ற புதிய மென்பொருளை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. மைசூரில் உள்ள துறையின் சொந்தத் தொழில்நுட்ப மையம் உருவாக்கியது. கவுன்டரில் யு.பி.ஐ. வந்தது, கிளை அஞ்சலகம்வரை டிராக்கிங் தெளிவாகும் வாய்ப்பும் வந்தது. அதே ஆண்டு மே மாதம் வந்த டிஜிபின் நாட்டையே ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இடக் குறியீடு தருகிறது. கதவு எண் இல்லாத வீட்டுக்கும், வயலுக்கு நடுவே தனியாக நிற்கும் வீட்டுக்கும் இது நல்ல துணை. ஊர்க்காரரான போஸ்ட்மேனுக்கு இது தேவைப்படாது. அவர் விடுப்பில் இருக்கும் நாளில் வரும் மாற்று ஆளுக்குத் தேவைப்படும். அந்த நாட்களில் திரும்பும் பார்சல் இதனால் குறையும்.

டிரோனைப் பற்றிப் பேச்சு அதிகம். 2022 மே மாதம் குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் அஞ்சல் பார்சலை 46 கிலோமீட்டர் தூரத்துக்கு 25 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கொல்லிமலை, ஜவ்வாது மலை மேலுள்ள ஊர்களுக்கு மருந்து அனுப்ப இது பெரிய உதவியாக இருக்கும். சமவெளிக் கிராமங்களில் நேரம் போவது பயணத்தில் அல்ல, துணை அஞ்சலக மேசையில் அடுத்த காலைப் பைக்காகக் காத்திருப்பதில். அங்கே டிரோன் வந்தாலும் அந்த இருபது மணி நேரம் அப்படியே இருக்கும்.

வாசல்வரை போகும் சேவை என்பதற்காக ஐந்துக்கு நான்கு கொடுக்கிறோம். அந்த மீதி ஒன்றைத் துறை எடுக்க நினைத்தால் மதியம் ஒரு மணிக்கு இரண்டாவது பை ஒன்று போதும், முதலில் பார்சல் அதிகம் வரும் துணை அஞ்சலகங்களில் மட்டும் தொடங்கினாலும் சரி. பார்சல் கொண்டுபோகும் கிராமின் டாக் சேவக்குகளுக்கு வேலை நேரத்தை எட்டு மணியாக்கி அதற்கேற்ற சம்பளமும், பெட்டி கட்டக்கூடிய வண்டியும் கொடுக்க வேண்டும். கிராமப் பின்கோடு போட்டவுடன் கிளை அஞ்சலகத்தின் பெயரைக் கேட்காமல் புக்கிங் திரை நகராதபடியும் செய்ய வேண்டும்.